அளவுக்கு ஓர் ஆள்

புதுசு வரைந்த முதல் கட்டடம் திறக்கப்பட்ட காலையில், அதன் முகப்புக் கூடத்தில் அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். அதே நேரத்தில், ஓர் இரவுப் பேருந்துப் பயணத் தூரத்தில் இருந்த தன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தும் இருந்தார். இரண்டுக்கும் சாட்சி உண்டு. கூடத்தில் நின்றவரைத் திறப்புக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், வழியை மறைத்துக்கொண்டு நிற்கிறாரே என்று ஒருவர் முணுமுணுக்கவும் செய்தார். வீட்டில் இருந்தவருக்கு அம்மா தன் கையால் பரிமாறிக்கொண்டிருந்தாள். புதுசு ஓரமாக ஒதுங்கிப் போய் வீட்டுக்கு ஃபோன் போட்டதும், "இதோ சாப்பிட்டுக்கிட்டு இருக்கார், குடுக்கவா?" என்றாள் அம்மா. அப்பாவின் குரல் காதில் வந்தது. எதிரே நின்ற அப்பாவின் உதடு அசையவில்லை. அவர் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் சேர்ந்த அன்று யாரோ "புதுசு வந்தாச்சா?" என்று கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்குப் பின் நாலைந்து பேர் சேர்ந்த பிறகும் அவள்தான் புதுசு. அலுவலகத் தலைவருக்கும் ஒரு பெயர் இருந்தது. பள்ளிக்கூடம் கேட்டாலும் கிடங்கு கேட்டாலும் நாலு பக்கமும் கண்ணாடி வைத்துத் தருவதால் அவர் கண்ணாடி. கூரைக்கும் கண்ணாடி வைத்து, வெயிலில் வெந்தவர்கள் வந்து சண்டை போட்ட கதையெல்லாம் அங்கே உண்டு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கட்டடத்தின் முகப்பை வரைந்து முடித்ததும் அதன் முன்னால் ஓரிரு மனிதர்களை நிறுத்துவார்கள். ஆள் இல்லாவிட்டால் அந்தக் கதவு யானை நுழைவதற்கா, பூனை நுழைவதற்கா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆளை நிறுத்துவது கடைசியாகச் சேர்ந்தவரின் வேலை. அதற்கென்று கணினியில் ஒரு கூட்டமே தயாராக இருந்தது: குடை பிடித்த பெண், பெட்டியோடு விரையும் ஆள், பலூன் வைத்திருக்கும் குழந்தை. யாருக்கும் முகம் தெளிவாக இருக்காது, யாரும் யாருக்கும் உறவில்லை. சொந்தக்காரர்களை வரைபடத்தில் வைக்கக் கூடாது என்று புதுசிடம் ஒருவரும் சொல்லவில்லை. அப்படி ஒன்றை ஒருத்தி செய்வாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவள் செய்தாள். அதற்குக் காரணம் அவள் வாடகைக்கு எடுத்திருந்த அறை. மூன்றாவது மாடியில், கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிற அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். தனியாக இருப்பது எத்தனை சுகம் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டு வந்துவிட்டதால் சொல்லி அழுவதற்குக்கூட ஆள் இல்லை. சோறு வேகும்போது பாதியில் எரிவாயு தீர்ந்துவிடும். துவைத்த துணி ஈரம் காயாமல் முடைநாற்றம் பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தில் "வரேன்" என்று சொன்னால், அடுத்த வார்த்தை பேச வாய் திறப்பது திங்கட்கிழமைதான். அப்போது தொண்டை கட்டியிருக்கும்.

அந்த அறைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டவர் அப்பா. முப்பது வருடம் பேருந்தில் நடத்துநராக நின்றே வேலை பார்த்து, இரண்டு முழங்காலையும் அதற்கே கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடி ஏறினார். துணி காயப்போடக் கொடி கட்டினார், குழாயைத் திறந்து பார்த்தார், கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். வாங்கிவந்த வாளி ஒழுகியதால் அதை மாற்றி வாங்கிவரக் கீழே இறங்கினார். தெருவில் நின்று, கையில் வாளியோடு, "இதுல உன் ஜன்னல் எது பாப்பா?" என்று அண்ணாந்து தேடினார். கூடவே இறங்கிவந்த புதுசு தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்தாள். பிறகு ஒரு நாள், அறைக்குப் போகவே மனம் வராத மாலையில், அந்தப் படத்திலிருந்து அப்பாவை மட்டும் வெட்டியெடுத்து, வாளியை அழித்துவிட்டு, வரைபடத்தின் முகப்புக் கூடத்தில் நிறுத்தினாள். வாளி போன பிறகும் விரல்கள் மடங்கியே இருந்தன. அளவுக்கும் அப்பா, ஆறுதலுக்கும் அப்பா. அன்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கண்ணாடி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். அப்பா குள்ளம். அவருக்குப் பின்னால் சாதாரண ஐந்து மாடிக் கட்டடம் வானத்தைத் தொட்டது. "யாரு இந்த ஆளு? இவர் நின்னா கட்டடம் கம்பீரமா இருக்கே" என்றார். கட்டடம் கேட்டு வந்தவர் அப்போதே சரி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு குடைக்காரிக்கும் பலூன் குழந்தைக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

திறந்த கட்டடத்தில் அப்பாவை வெளியேற்ற முதல் வாரம் முயன்றார்கள். காவலாளிகள் இருவர் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டால், மறுநாள் காலையில் பழைய இடத்தில், பழைய கோணத்தில் நிற்பார். தொந்தரவு எதுவும் இல்லை. உள்ளே வருகிறவர்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்று மட்டும் சொல்வார். மரியாதையாகத்தானே பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். தரை துடைப்பவர்கள் அவருடைய காலைச் சுற்றித் துடைக்கப் பழகிக்கொண்டார்கள். அடுத்த கட்டடத்திலும் அவர் நின்றார், அதற்கடுத்ததிலும். வாடகைக்கு விடுகிறவர்கள் மின்தூக்கி, வாகன நிறுத்தம் ஆகியவற்றோடு அவரையும் ஒரு வசதியாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

புதுசுக்கு இதில் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. அதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிற வழியில் ஒரு கூடத்தில் எட்டிப்பார்த்தால் அப்பா. பிறகு தினமும் வீட்டுக்குப் பேசுவானேன்? தினமும் என்பது வாரம் ஒருமுறை ஆயிற்று, பிறகு அம்மா கூப்பிட்டால் எடுப்பது என்று ஆயிற்று. ஒரே ஒரு குறை. முதல் தடவை அவள் அருகில் போய் "அப்பா" என்று கூப்பிட்டபோது அவர் திரும்பி, அடையாளம் தெரியாத பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "உள்ள போங்கம்மா, உள்ள எடம் இருக்கு" என்றார். பெற்ற மகளுக்கு "போங்க". அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. பிறகு அதுவும் பழகிவிட்டது.

வருடங்கள் போயின. அவள் குழையாமல் சோறு வடிக்கக் கற்றாள், குளிர்பதனப் பெட்டி வாங்கினாள், கதவு கட்டிலில் இடிக்காத வீட்டுக்குக் குடிபோனாள். உடம்புக்கு முடியாவிட்டால் தானே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய், தானே ஊசி போட்டுக்கொண்டு, தானே திரும்பிவரத் தேறினாள். ஒவ்வொரு கட்டடம் திறக்கும்போதும் வீட்டில் அப்பா கொஞ்சம் குறைந்தார். முதலில் தலையணையில் குழி விழுவது நின்றது. பிறகு குளித்துவிட்டு வந்தால் உடம்பில் தண்ணீர் தங்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் அவர் வழியாகத் தெருவில் போகிறவர்கள் தெரிந்தார்கள். மருத்துவர் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் குறைவாக இருக்கிறது என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார். "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று அம்மா ஃபோனில் சொல்லும்போதெல்லாம், "இந்த வேலை முடியட்டும்மா" என்றாள் புதுசு. அந்த வேலை முடிந்ததும் அப்பா இன்னும் கொஞ்சம் குறைந்தார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை போனாள். அப்பா நாற்காலியில் பென்சில் கோடுபோல உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் முகம் தெரிந்தது. அவருக்கு அவளை நன்றாக அடையாளம் தெரிந்தது.

"வா பாப்பா. அங்க எல்லா எடத்துலயும் நான் நிக்கிறேனாமே? கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் பார்த்துட்டு வந்து சொன்னான். என்னை வச்சுத்தான் அளவு பாக்குறாங்களாம்."

அவர் குரலில் இருந்தது பெருமை. வருத்தம் துளிகூட இல்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"கால் எப்படிப்பா இருக்கு?"

"அதான் புரியல. பொழுதன்னைக்கும் உக்காந்தேதான் இருக்கேன். ஆனா நாள் பூரா நின்ன மாதிரி கடுக்குது."

புதுசு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். இனி ஒரு வரைபடத்திலும் அவரை வைப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு ஊர் திரும்பினாள். திங்கட்கிழமை காலை கண்ணாடி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆறு கோபுரங்கள், ஆறு முகப்புக் கூடங்கள், அந்த அலுவலகம் அதுவரை பார்த்திராத பெரிய வேலை. அவளே தலைமை, கீழே அவளுக்கென்று ஆட்கள்.

"அந்த ஆளை மட்டும் எடுத்துடலாம் சார்" என்றாள் புதுசு.

"அவரைப் பார்த்துதான் வந்திருக்காங்க. அவரை எடுத்துட்டா நீ எதுக்கு, நான் எதுக்கு?" என்றார் கண்ணாடி. குரலை உயர்த்தவில்லை. "யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல, சாயங்காலத்துக்குள்ள சொன்னாப் போதும்."

யாரும் அவள் கையைப் பிடித்துக் கட்டாயப்படுத்தவில்லை. இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, ஆறு கூடங்களிலும் தன் கையாலேயே அப்பாவை நிறுத்தினாள். கோபுரங்கள் திறந்த காலையில் அம்மா தட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டபோது நாற்காலியில் யாரும் இல்லை. பக்கவாட்டு வெளிச்சத்திலும் இல்லை. செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. சொந்தக்காரர்கள் விசாரித்தபோது, "அவர் பொண்ணுகிட்ட இருக்கார்" என்றாள் அம்மா. அது பொய்யும் இல்லை.

ஒரு பையோடு அம்மாவும் வந்து சேர்ந்தாள். மகளுடைய வீட்டின் தரையையும் குழாயையும் சுற்றிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வேலை வைத்துக்கொண்டாள். சமையல் முடிந்ததும் கிளம்பிப் போய் ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கி, அப்பாவைப் பார்த்துவிட்டு வருவாள். சட்டைக் காலரைச் சரிசெய்வாள். நெற்றி வியர்வையைத் துடைப்பாள். அவளுக்கும் அவர் "உள்ள போங்கம்மா" என்றுதான் சொன்னார். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய கண் அவருடைய முழங்காலில்தான் இருந்தது. புதுசை அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், துணி மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஒரு தடவையாவது உக்காந்த மாதிரி வரைஞ்சிருக்கக் கூடாதா?"

புதுசுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் படித்து, இத்தனை கட்டடம் கட்டி, இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று நொந்துபோனாள். கட்டி முடித்ததை மாற்ற வழியில்லை. பழைய வரைபடங்களைத் திறந்து நாற்காலி போட்டுப் பார்த்தாள், கூடங்களில் ஒன்றும் மாறவில்லை. அடுத்து வந்தது ஒரு சிறிய மருத்துவமனை. அதன் கூடத்தில், ஜன்னலை ஒட்டி, சாய்மானம் வைத்த அகலமான பெஞ்சு ஒன்றை வரைந்தாள். நாலு நாள் அதற்கே செலவழித்தாள். பழைய படம் ஒன்றைத் தேடியெடுத்து, கால் நீட்டிச் சாய்ந்திருக்கும் அப்பாவை அதில் உட்காரவைத்தாள். இரண்டு பேர் உட்காரலாம். பக்கத்து இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

மருத்துவமனை உரிமையாளர் வரைபடத்தைப் பார்த்து எல்லாம் பிரமாதம் என்றார். பெஞ்சு மட்டும் வேண்டாம் என்றார். பெஞ்சு போட்டால் கண்டவர்களும் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டார்கள், பார்க்க நன்றாக இருக்காது. புதுசு அன்று வேறு கட்டடத்தில் இருந்தாள். கண்ணாடி சரி என்று சொல்லி, கையோடு ஒருவரை விட்டு எடுக்கச் சொன்னார். அந்த அலுவலகத்தில் சாமான்கள் ஓர் அடுக்கிலும் மனிதர்கள் வேறோர் அடுக்கிலும் வரையப்படுவது வழக்கம். எடுக்க வந்தவர் சாமான் அடுக்கில் பெஞ்சை அழித்தார். மனிதர்கள் இருக்கும் அடுக்கை அவர் திறந்தே பார்க்கவில்லை.

அப்படித்தான் மருத்துவமனை திறந்த அன்று, ஜன்னல் ஓரத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கீழே ஒன்றுமில்லாமல், அப்பா கால் நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நோயாளிகள் அவரைச் சுற்றி வரிசையில் நின்றார்கள். ஒருவர் அவருடைய மடியில் பையை வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனார். செய்தி கேட்டு ஓடிவந்த புதுசு வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா அருகில் போய் அவருடைய முழங்காலை அமுக்கிப் பார்த்தாள். இளகியிருந்தது. "இப்பத்தான் உக்காந்திருக்கார்" என்றாள். அதற்குப் பிறகு மற்ற கட்டடங்களுக்கு அவள் போகவில்லை. தினமும் இங்கேதான் வந்து, மருத்துவமனை சாத்துகிற வரைக்கும் அவர் பக்கத்திலேயே இருந்தாள். உட்கார இடம் இல்லாததால் நின்றுகொண்டிருந்தாள்.