குழலில் விழுந்த கருப்புப் பிறை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் செல்லங்களே, கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே படுக்கப் போகும்படி ஒன்று சொல்கிறேன்.

எங்கள் காரூ மேட்டில் ஜூன் மாதம்தான் கடுங்குளிர், அப்போதுதான் மான் வேட்டை. வெசலின் பண்ணையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேட்டை வண்டியில் ஏற வேண்டுமானால், நூறு தப்படி தள்ளிப் பலகையில் அடித்த காப்பி டப்பா மூடியில் மூன்று குண்டும் விழ வேண்டும். தவறினால் இன்னொரு தடவை. அதுவும் தவறினால் முற்றத்தில் இறைச்சி வெட்டத்தான். காயம்பட்ட மானை ஓடவிடுவது எங்களுக்குப் பெரிய அவமானம்.

வெசலின் அண்ணி திரீக்கா, இருபத்தாறு வருஷம் முற்றத்தில் வெட்டியவள். கணவர் இறந்த பிறகு அவருடைய துப்பாக்கியில் தானே ஒரு தொலைநோக்கிக் குழலைப் பூட்டி, ஜனவரிக் கோடை வெயிலில் பழகினாள். பத்துக்குப் பத்து மூடியில். இந்த வருஷம் வண்டியில் ஏறியே தீருவது என்றிருந்தாள்.

அன்று காலை மாட்டுத் தொட்டித் தண்ணீர் உறைந்து கிடந்தது. திரீக்கா ஆட்டுரோமக் கோட்டுக்குள் புதைந்து படுத்துச் சுட்டாள். மூடியில் ஒன்று, பலகையில் ஒன்று. மூன்றாவது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அண்ணி, கண்ணு போச்சு. கத்தி தீட்டி வச்சிருக்கேன்," என்றான் வெசல்.

"கண்ணாடிய பிராந்தி போட்டுத் தொடைங்கக்கா," என்றான் பக்கத்துப் பண்ணை யாப்பி.

"பிராந்தியக் கண்டா நீ கண்ணாடிக்கா விடுவே? குழல்ல கறுப்பா பிறை மாதிரி விழுது. ஒருவாட்டி இடப்பக்கம், ஒருவாட்டி கீழ."

திரீக்கா கண்ணை மூடினாள். கன்னத்தைத் துப்பாக்கியின் பிடிக்கட்டையில் சும்மா சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தாள். குழலுக்குள் சுற்றிலும் தடித்த இருட்டு. நடுவே பொத்தான் அளவு வெளிச்சம். அதை எட்டிப் பிடிக்கத்தான் ஒவ்வொரு தடவையும் கழுத்தை ஒவ்வொரு விதமாக நீட்டியிருக்கிறாள்.

"அட, நான் பழகினது பருத்திக் கவுனோட. இந்தக் கோட்டு ரெண்டு விரல் தடிமன், துப்பாக்கிய முன்னால தள்ளுது, குழல் கண்ணுக்கு எட்டாமப் போகுது."

வலது கையைக் கோட்டிலிருந்து உருவினாள். வெறும் கவுன் தோளில் கட்டையை வைத்தாள்.

"வெறைச்சுப் போயிடுவீங்க அண்ணி, சொன்னா கேளுங்க."

"நீ ஒதுங்கு, வெளிச்சத்த மறைக்கிறே."

மறுபடி கண்ணை மூடித் திறந்தாள். இப்போது வட்டம் விளிம்புவரை நிறைந்து, தெளிந்த தண்ணீர் மாதிரி நின்றது. ஒவ்வொரு குண்டுக்கும் அப்படியே கண்ணை மூடித் திறந்து பார்த்த பிறகுதான் விசையை அழுத்தினாள். யாப்பி போய்ப் பார்த்து, மூடியைப் பலகையோடு பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய ஓட்டை போக, புதிதாக மூன்று ஓட்டை, ஒரு ரஸ்க் அகலத்துக்குள்.

வெசல் மூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு வண்டியின் பின்கதவை இறக்கி, அண்ணி ஏறக் கை கொடுத்தான். முதல் மேட்டில் வண்டி நின்றதும், யாரையும் பார்க்காமல், தன் கோட்டிலிருந்து வலது கையை மெல்ல உருவிக்கொண்டான். திரீக்கா சிரித்த சிரிப்பில் அரை மைலுக்கு ஒரு மானும் மிஞ்சவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படிச் சிரிப்புக் கேட்கட்டும், கண்ணுகளா. அடுப்பு கனன்றுகொண்டே இருக்கட்டும். வாசலுக்கு வருகிறவர் எல்லாம் வயிறு நிறைந்து போகட்டும்.