ஆறாம் எண் பாட்டில்

மருந்துக்கடையை மூடிவிடுவது என்று முடிவான பிறகு, மேல் அலமாரியைக் காலி செய்ய நான் ஒருத்திதான் இருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் ஏணி ஏறுகிறவளைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அத்தையைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் என்ன சமைக்கலாம் என்பதைத் தாண்டி நாங்கள் பேசியே வெகுநாள் ஆயிற்று.

மேலே அப்பாவின் விஷ பாட்டில்கள் இருந்தன. கருநீலக் கண்ணாடி, உடம்பெல்லாம் வரிவரியாகப் புடைப்பு. மருந்து கலக்குகிறவர்களின் பழைய ஏற்பாடு அது. வெளிச்சம் இல்லாவிட்டாலும் விரல் பட்டதும் விஷமென்று தெரிந்துவிடும். அப்பாவின் கையெழுத்தில் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண்கள். ஆறு மட்டும் இல்லை.

எனக்கு நாலு வயதாக இருக்கும்போது, இந்தக் கடையின் பின்னறையில் இருமல் மருந்து குடித்து அப்பா செத்துப்போனார். ஊற்றிக் கொடுத்தது அம்மா. பாட்டிலில் இருந்தது விஷம். கவனக்குறைவு என்று போலீஸ் எழுதி முடித்தது. சொந்தக்காரர்கள் அவ்வளவு லேசில் விடவில்லை. அம்மாதான் விஷத்தைக் கலந்தாள் என்று அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு, என்னை வைத்துக்கொண்டார்கள். அப்பாவின் தங்கையான இந்த அத்தைதான் கல்யாணம்கூட வேண்டாமென்று என்னை வளர்த்தாள். அம்மாவின் கடிதங்களை நான் பிரித்ததே இல்லை. கொலைகாரியோடு என்ன பேச்சு என்றிருந்தேன். எங்கள் வீட்டில் ரோஷத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

விஷத்தைத் திருடுகிறவள் பாட்டிலைப் பழைய இடத்தில் வைத்துவிடுவாள். பாட்டிலையே காணோம் என்றால் அது உடைந்திருக்கிறது. உடைந்ததில் மிஞ்சியதை யாரோ வேறெதிலோ ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பாட்டில்களைத் துடைத்து வைக்கிற வேலை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அத்தை சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஆறாம் நம்பர் பாட்டில் எங்க?"

கத்தி நின்றது. மழுப்புவாள் என்று நினைத்தேன்.

"தொடைக்கும்போது கைதவறி கழுத்து உடைஞ்சிடுச்சு. அப்ப எனக்குப் பதினேழு வயசு. அண்ணன் திட்டுவாருன்னு பயம். மிச்சத்தை ஒரு காலி இருமல் மருந்து பாட்டில்ல ஊத்தினேன். லேபிளை உரிக்கிறதுக்குள்ள வீட்டுல கூப்பிட்டாங்க. திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அந்த வாரமே அண்ணி கால்ல விழுந்து சொல்லிட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாங்க. 'நீ சொன்னாலும் என்னை இங்க வெச்சுக்க மாட்டாங்க. உன்னையும் துரத்திட்டா என் பிள்ளைய யாரு பாத்துக்குவா?'ன்னு கேட்டாங்க."

இவளை வெளியே போகச் சொல்லிவிடலாம். அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்? அம்மா செத்துப் பதினோரு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதைப் பற்றி நான் அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"கடைசியில என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. கடையில வேலை அதிகம், வர முடியலன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'ஞாயித்துக்கிழமைகூட கடை தெறக்குறாளா, பாவம், உடம்பைப் பாத்துக்கச் சொல்லு'ன்னாங்க."

அப்பா காலத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை திறந்ததில்லை. அது அம்மாவுக்குத் தெரியாததா?