கொஞ்சம் தெரியும்

ஒலி முகம்மதுவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பஃப்ளோ ரோட்டில் மளிகைக் கடை. அந்தக் கடையில் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத சொல் ஒன்று உண்டு: 'தெரியாது'. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

அப்படிப்பட்டவர், மனைவி ரபியாவின் பல வருட நச்சரிப்புக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புக்கிட் பாத்தோக் நீச்சல் குளத்தில் வந்து நின்றார். ரபியா பள்ளிக்கூடத்திலேயே நீச்சல் கற்றவள். கடற்கரைக்குப் போனால் அவள் அலையில் இருப்பாள். இவர் மணலில் செருப்புக்குக் காவல் இருப்பார்.

பெரியவர்களுக்கான வகுப்பு. பத்துப் பேர். பயிற்சியாளர் சுஷ்மிதாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"கொஞ்சமாச்சும் நீந்தத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டாள்.

முகம்மதுவின் கை தானாக உயர்ந்தது. பழக்கதோஷம்!

கை தூக்கிய நாலு பேரையும் பெரிய குளத்தில் இறக்கிவிட்டாள். தண்ணீர் நெஞ்சளவு. "அந்தப் பக்கம் வரைக்கும் போய்ட்டு வாங்க, பார்ப்போம்."

எதிர்ச்சுவர் எல்லை தாண்டி ஜொகூரில் இருப்பதுபோல் தெரிந்தது அவருக்கு. முதலில் கிளம்பிய பெண் அதற்குள் பாதி தூரம் போய்விட்டாள்.

"அங்கிள், நெக்ஸ்ட் நீங்கதான்."

"தண்ணி ஜில்லுன்னு இருக்கும்மா."

"போகப் போகப் பழகிடும் லா."

"கண்ணாடி லூசா இருக்கு."

சுஷ்மிதா குனிந்து அதை இறுக்கிவிட்டாள். கடையில் சாக்குக்குப் பஞ்சமே இல்லாத மனிதர். இங்கே ஒரு சாக்குகூட மிச்சமில்லை. குளத்தோரக் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். சொன்னபின் நெஞ்சு லேசானது. இன்னும் உரக்கச் சொன்னார்: "கொஞ்சம்கூடத் தெரியாது!"

பக்கத்தில் நின்ற அகிலன், ஏதோ அலுவலகத்தில் மேலாளர், மெல்ல இருமினார். "மிஸ்... எனக்கும்தான்."

சுஷ்மிதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "வாங்க, வாங்க. உங்க ரெண்டு பேருக்கும் இடுப்பளவுத் தண்ணிதான்."

அன்று காலை முழுவதும் இருவரும் முகத்தைத் தண்ணீரில் புதைத்துக் குமிழி விட்டார்கள். யார் குமிழி பெரிசு என்று போட்டி வேறு. கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போதென்று முகம்மதுவுக்கு ஞாபகமில்லை.

அந்த வாரம் கடையில் ஒரு பெண் கம்பு மாவைக் காட்டி, "இதுல புட்டு நல்லா வருமாண்ணே?" என்று கேட்டாள்.

ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "தெரியலையேம்மா. செஞ்சு பார்த்துட்டு எனக்கும் சொல்றீங்களா?"

மூன்றாம் நாள் அவள் டப்பாவில் புட்டே கொண்டுவந்தாள். தேங்காய்ப்பூ தூக்கலாக, அருமையாக இருந்தது.

ஆறாவது வாரம் அவர் மல்லாந்து மிதந்தார். காதுகள் தண்ணீருக்குள், மேலே மேகங்கள். ஒரே நிமிஷம்தான், பிறகு மூழ்கி, புரையேறி எழுந்தார். அதற்குள் குளத்தின் அந்தக் கோடியிலிருந்து அகிலன் கை தட்டத் தொடங்கியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை, வகுப்பில்லாத நாளில், பழகிப் பார்க்கப் போனவருடன் ரபியாவும் வந்தாள். உடம்பு முழுக்க மூடிய நீச்சலுடையில் விறுவிறுவென்று இரண்டு சுற்றுப் போய்வந்தாள். அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரபியா, அந்தக் காலை எப்படி உதைக்கிறே? எனக்குச் சொல்லிக்குடேன்."

அவள் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி அவரை உற்றுப் பார்த்தாள். "இருபத்தாறு வருஷத்துல என்கிட்ட நீங்க கத்துக்கக் கேட்டது இதான் முதல் தடவைங்க!"

"அப்படியா?"

"ஆமா. சரி, கம்பியைப் பிடிங்க. முட்டியை மடக்காதீங்க."

அவர் முட்டியை மடக்கித்தான் உதைத்தார். தெறித்த தண்ணீர் முழுக்க அவள் முகத்தில். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். அவளோ இரண்டு கையாலும் அள்ளித் திருப்பி அடித்தாள்.