பிறகு என்றொரு பொத்தான்

1

இந்தக் கதை ஒரு சாக்கிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. "எழுதிக்கிட்டிருக்கிற கதையை முடிச்சதும் மாத்திடலாம்மா" என்று மனைவியிடம் சொன்னேன். அப்போது கையில் எந்தக் கதையும் இல்லை. சொன்ன வாயைக் காப்பாற்ற உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். அந்தக் கதைதான் இது.

மாற்ற வேண்டியது வீட்டுக் கணினியின் இயங்குதளத்தை. உடம்பு அப்படியே இருக்கும், உயிர் மட்டும் புதிதாக வரும். சில மாதங்களாகத் திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது, விருந்துக்கு வந்துவிட்டு வாசலிலேயே நிற்கும் உறவினர் மாதிரி. புதிய பதிப்பு தயார் என்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'இப்போது', 'பிறகு'. 'வேண்டவே வேண்டாம்' என்று ஒன்று இல்லை. செய்தவர்கள் மனித சுபாவம் தெரிந்தவர்கள். பிறகு என்று சொல்ல அனுமதித்தால் போதும், மனிதன் வேண்டாம் என்று சொல்லவே மாட்டான்.

கதையின் முதல் தொடக்கம்:

அவன் திரையைப் பார்த்தான். திரை அவனைப் பார்த்தது. இருவருக்கும் வயதாகியிருந்தது.

பிரமாதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு எழுந்து போனேன். மறுநாள் மதியம் வந்து பார்த்தபோது அதன் கீழே இது இருந்தது:

(திரைக்கு வயசாகலை. உங்களுக்குத்தான். பால் வாங்கணும். நான் எங்கங்க இந்தக் கதையில?)

2

அடைப்புக்குறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரே கணினி, ஒரே நாற்காலி. காலையில் அவளுக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு. நாற்காலி கைமாறும்போது எதையும் மூடுவதில்லை. திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு எழுந்துவிடுவோம். சொல்ல வேண்டியது இருந்தால், மற்றவர் கோப்பிலேயே ஓரமாக எழுதிவிடுவது வழக்கம்.

ஒருகாலத்தில் இது இருவழிப்பாதை. அவள் ஒரு பல் ஆய்வகத்துக்கு வேலை செய்கிறாள். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அளவைத் திரையில் நிறுத்தி, விழுந்த பல்லுக்குப் பதிலாகப் புதுப் பல்லை வரைந்து கொடுப்பாள். ஒருநாள் அவள் முடித்து வைத்திருந்த கடைவாய்ப்பல் ஒன்றின் கீழே 'குறிப்பு' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. "கண்ணு, தலைவலித் தைலத்தை எங்க வச்ச?" என்று அதில் எழுதிவைத்தேன். அவள் கவனிக்காமல் அனுப்பிவிட்டாள். பல்லோடு குறிப்பும் அச்சாகி மருத்துவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பல்லுக்கே தலைவலி வந்தால் நான் எந்த டாக்டரிடம் அனுப்புவது என்று அவர் ஆய்வகத்தைக் கூப்பிட்டுக் கேட்டாராம்.

அன்றிலிருந்து ஒருவழிப்பாதை. அவள் என் கதைக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான் அவளுடைய பற்களிடம் வாய் கொடுக்கக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முன்பு அவள் ஆய்வகத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள். அங்கே பிளாஸ்டர் அச்சை அரைக்கிற அறையும் அவள் அறையும் ஒன்றுதான். நடுவில் ஒரு திரைச்சீலை. அந்தத் தூள் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, கைப்பையில் எதையோ தேடுகிறவள் மாதிரி பாவனை செய்வாள். மூச்சைத்தான் தேடினாள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பலாம் என்று ஆன பிறகு அந்த இருமல் போனது. இப்போதெல்லாம் படியில் அவள் முன்னால், நான் பின்னால்.

வரும் திங்கட்கிழமை ஆய்வகம் தன் மென்பொருளை மாற்றுகிறது. புதியது எங்கள் பழைய இயங்குதளத்தில் ஓடாது. நான் 'இப்போது' என்ற பொத்தானை அமுக்கினால் அவள் வீட்டிலேயே இருக்கலாம். அமுக்காவிட்டால் திரைச்சீலைக்குப் பக்கத்தில்.

இதில் யோசிக்க என்னய்யா இருக்கிறது என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. கேட்டுக்கொண்டே அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

3

என் விரல்கள் ஒரு பழைய தட்டச்சு மென்பொருளுக்கு வாக்கப்பட்டவை. மனசு நினைப்பதற்குள் விரல் அடித்துவிடும். சில கதைகளில் மனசு வந்து சேரவே இல்லை என்று விமர்சனமும் உண்டு. அதன் எழுத்துகள் அதற்குள் மட்டும்தான் தமிழ். வெளியே கொண்டுபோனால் குறியும் கோடும் ஆச்சரியக்குறியுமாக உதிர்ந்துவிடும். அவள் அடிப்பது வேறு முறை: ஆங்கில எழுத்தைத் தட்டினால் அது தமிழாக மாறி வந்து நிற்கும். தமிழைக் கொல்லைப்புற வழியாகக் கூட்டிவருகிறாய் என்று நான் கிண்டல் செய்வேன். என் கோப்பில் அவள் எழுத்து மட்டும் கொஞ்சம் உயரமாக, தனியாகத் தெரியும்.

மச்சான் வந்து பார்த்தான். மனைவியின் தம்பி; கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். எந்தப் பெட்டியைத் திறந்தாலும், உறவினரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் என்கிற டாக்டர் முகம் அவனுக்கு.

"மெஷின் தாங்கும் மாமா. புதுசு போட்டுடலாம். உங்க டைப்பிங் சாஃப்ட்வேர்தான் அதுல வராது."

"வராதுன்னா?"

"வராதுன்னா வராது. அதைச் செஞ்ச ஆளே இப்ப அதை வச்சிருக்க மாட்டாரு."

"அப்ப நான் இத்தனை வருஷமா எழுதினதெல்லாம்?"

"எங்கயும் போகாது. அப்படியே இருக்கும். படிக்கத்தான் முடியாது."

"இப்ப மட்டும் முடியுதாக்கும்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மச்சான் அக்காவின் பக்கம் சிரித்துவிட்டு, மாமாவின் பக்கம் முகத்தைச் சரிசெய்துகொண்டான். "மாத்தித் தர்றதுக்கு ஒரு கருவி இருக்கு மாமா. ஆனா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு எழுத்தெல்லாம் இடம் மாறி வரும். நீங்கதான் உட்காந்து ஒவ்வொண்ணா திருத்தணும். பேசாம அக்கா மாதிரி அடிக்கக் கத்துக்கங்க."

"இந்த வயசுலயா?"

"அக்காவுக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதானே?"

"ரெண்டு வயசு கம்மி!" என்றது சமையலறை.

அப்போதுதான் நான் சொன்னேன், எழுதிக்கொண்டிருக்கிற கதை முடியட்டும் என்று. மச்சான் சரி என்றான். சமையலறையில் தண்ணீர்க் குழாய் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

4

இரண்டாம் தொடக்கம். இதில் மனைவிக்கு இடம் கொடுத்திருக்கிறேன்:

"எத்தனை தடவை சொல்றது!" என்று அவள் கத்தினாள். அந்த மேதை தன் கையெழுத்துப் பிரதியிலிருந்து மெல்லத் தலைநிமிர்ந்தான். அவன் கண்களில் ஒரு

(எந்த மேதை? நான் எப்பங்க கத்தினேன்? ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், அதுவும் நீங்க சாப்பிட்டு முடிச்சதுக்கப்புறம். குழாய்க்காரர் நாளைக்கு வர்றாரு, வீட்ல இருங்க.)

'அவன் கண்களில் ஒரு...' என்ன இருந்தது என்பதை நான் எழுதவே இல்லை. அவள் சொன்னது நிஜம். ஒரு தடவைதான் கேட்டாள். கதாசிரியனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது. கத்துகிற மனைவி இருந்தால் கணவனின் தயக்கத்துக்கு ஒரு கௌரவம் வரும். எதிரே சுவர் இருந்தால்தானே சாய்ந்து நிற்க முடியும். கத்தாதவளை வைத்துக்கொண்டு நான் எப்படி அவனை நல்லவனாக்குவது?*

\* இந்தக் கணவன் நான் இல்லை. அவன் மேதை, நான் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டிக்கும் பயன்பாட்டுக் கையேடு எழுதிப் பிழைப்பவன். எல்லாக் கையேட்டிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதுவேன்: "புதிய பதிப்பு வந்தவுடன் தாமதிக்காமல் மாற்றிக்கொள்ளவும்."

மூன்றாம் தொடக்கம், மழையோடு. நான்காம் தொடக்கம், மழை இல்லாமல். ஐந்தாவதில் கணினியே கதை சொல்கிறது. அதைப் படித்துவிட்டு அவள் அடைப்புக்குறிக்குள் வெறும் ஒரு புள்ளி வைத்திருந்தாள். இவ்வளவு தொடக்கங்கள் ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். கதை முடிந்தால் கணினியை மாற்ற வேண்டும். ஆகவே கதை தொடங்கிக்கொண்டே இருந்தது.

5

ஆனாலும் திங்கட்கிழமைக்கு வரத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை மதியம் முடிவுகளை எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன்.

முடிவு அ: மச்சான் ஏதோ மந்திரம் செய்கிறான்; பழையதும் புதியதும் ஒரே பெட்டிக்குள் சமர்த்தாகக் குடித்தனம் நடத்துகின்றன. (மச்சானிடம் கேட்டேன். "மாமா, அந்தப் பெட்டியில ஒண்ணுக்கே இடம் இல்ல" என்றான். அடைப்புக்குறி தவறு, இது நான் எழுதியது.)

முடிவு ஆ: கணவன் இன்னொரு கணினி வாங்குகிறான். இது மாயாஜாலக் கதை ஆகிவிடும்.

முடிவு இ: கணவன் பெருந்தன்மையாக 'இப்போது' பொத்தானை அமுக்குகிறான். மனைவியின் கண்கள் கலங்குகின்றன. அவள் அவனுடைய தியாகத்தை

தியாகத்தை என்ன செய்வாள் என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். சனிக்கிழமை மதியம் நாற்காலி என்னிடம் வந்தபோது அந்த அறுந்த வரியின் பக்கத்தில் இருந்தது:

(லேப்ல பேசிட்டேங்க. திங்கக்கிழமையிலேர்ந்து அங்கயே வந்துடறேன்னு சொல்லிட்டேன். மாஸ்க் போட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாது. இந்தப் பெட்டியை நீங்க மாத்த வேண்டாம். கதை நல்லா வந்துட்டிருக்கு, அவசரப்பட்டு முடிச்சிடாதீங்க.)

பால் வாங்கணும் என்று எதுவும் இல்லை. குழாய்க்காரரும் இல்லை.

எழுத்தாளனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு, உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குத் தோன்றியது, அடடா, நல்ல திருப்பம் என்பதுதான். அதற்குப் பிறகுதான் மாடித் திருப்பம் ஞாபகம் வந்தது. கைப்பைக்குள் துழாவுகிற அந்தக் கை.

இந்த இடத்தில் கணவனின் மன ஓட்டத்தை ஒரு பக்கம் எழுதலாம். எழுதவில்லை. கதையைச் சேமித்தேன், முடிக்கவில்லை. மச்சானுக்கு போன் செய்தேன்.

"கதை முடிஞ்சிடுச்சா மாமா?"

"இல்ல. வா."

மூலையில் பெட்டி வழக்கம்போல எட்டிப் பார்த்தது. மச்சான் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு, "நீங்களே அமுக்குங்க" என்றான். பழக்க தோஷத்தில் அம்பு 'பிறகு' பக்கம் போனது. பிடித்து இழுத்து வந்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை புதுத் திரையில் இந்தக் கதையைத் திறந்தேன். மச்சான் சொன்னது சரிதான். திரை, மேதை, மழை, என் தொடக்கங்கள் அத்தனையும் குறியும் கோடுமாகச் சிதறிக் கிடந்தன. காய்கறி வாங்கின கூடை படியில் உருண்டது போல. நடுநடுவே, உயரமான எழுத்தில், அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

நான் எங்கங்க இந்தக் கதையில. நான் எப்பங்க கத்தினேன். ஒரு புள்ளி. ஒண்ணும் ஆகாது.

அவள் எழுத்து மட்டும் எங்கே போனாலும் தமிழாகவே இருக்குமாம். அத்தனை காலம் கொல்லைப்புறம் என்று நான் சொன்ன வழிதான் வாசல்.

மேலிருந்து கீழ்வரை அவளை மட்டும் படித்தேன். அதில் ஒரு கதை இருந்தது. சின்னது. தொடங்கத் தயங்காதது. மேதைகள் இல்லாதது.

அவள் பின்னால் வந்து நின்றாள். "ஐயோ, எல்லாம் போச்சா?"

"முக்கியமானது இருக்கு."

"ஏங்க, என்னைக் கேக்காம எதுக்கு மாத்தினீங்க? லேப்ல நான் வேற சொல்லி வச்சிருக்கேன்."

"வரலைன்னு சொல்லிடு."

"கதை?"

"அது கிடக்கு."

அவள் கண் கலங்கவில்லை. முடிவு இ தோற்றது. "சரி, எந்திரிங்க. அந்தப் புது சாஃப்ட்வேர் ஓடுதான்னு பாக்கணும்" என்று நாற்காலியைப் பிடித்து ஆட்டினாள். அது ஓடியது. திரையில் யாருடையதோ ஒரு கோரைப்பல் வெள்ளையாகச் சுழன்றது.

7

இதுவரை நீங்கள் வாசித்ததில் என்னுடைய பகுதிகள், கருவி மாற்றித் தந்து, நான் கொம்பும் காலும் திருத்தி எடுத்தவை. நடுவில் அறுந்து நிற்கும் வாக்கியங்களைக் கலை நயம் என்று நினைத்திருந்தால் நன்றி, ஒன்றிரண்டு அப்படியும்தான்.

ஐந்தாம் பகுதியின் கடைசியும், ஆறாம் பகுதியும், இதுவும் அவள் முறையில் அடித்தவை. ஒற்றை விரல். 'ழ' எங்கே இருக்கிறது என்று இன்னும் அவளைத்தான் கேட்கிறேன். வாக்கியங்கள் குட்டையாகியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மனசு இப்போது விரலுக்கு முன்னால் வந்து காத்திருக்கிறது, பாவம். பழைய கதைகள் எல்லாம் இன்னும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். திருத்துவேனா, தெரியாது. சிலது அப்படியே நன்றாக இருக்கிறது என்பது சமையலறையின் கருத்து.

முடிவு என்று ஒன்று எழுதவில்லை. முடிக்காமல் விட்டதால்தான் அந்தப் பொத்தானை அமுக்க முடிந்தது. இப்போது உட்கார்ந்து முடித்தால் அது கதைக்காக அமுக்கிய கணக்கில் போய்விடும்.

தவிர, இது காலை. அவள் நேரம். என் ஒற்றை விரலால் நான் எல்லை தாண்டி உட்கார்ந்திருக்கிறேன். பால் வாங்கப் போனவள் திரும்பி வருகிறாள். கீழே அவள் குரல் கேட்கிறது. தம்பியோடு போனில் பேசிக்கொண்டே படி ஏறுகிறாள். என்னைப் பற்றித்தான். முதல் திருப்பம். "ஒரு எழுத்தைத் தேடறதுக்குள்ள ஒரு காபி ஆறிடுதுடா." இரண்டாம் திருப்பம். பேச்சு நிற்கவில்லை. கைப்பை திறக்கும் சத்தமும் இல்லை.

நான் எழுந்துகொள்கிறேன். வழக்கப்படி எதையும் மூடவில்லை. அடுத்து உட்காருகிறவர் எழுதிக்கொள்ளட்டும், அவளோ, நீங்களோ. திறந்து வைத்திருக்கிறேன்

(