சாம்பல் வண்டியின் பிரேக்

பழைய கார்களை ஓட்டிப் பார்த்துப் பத்திரிகையில் எழுதுவதுதான் அவர் பிழைப்பு. எதையும் அளக்காமல் பேசமாட்டார் என்பதால் ஊரே அவரை மீட்டர் என்றது. மனைவியின் சமையலை மட்டும் அளக்காமல் பாராட்டுவார்; அந்த அளவுக்கு விவரம் உண்டு.

போன மாதம் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று இரண்டு கதவுச் சிவப்பு வண்டி: நாலு சிலிண்டர், தொள்ளாயிரத்து நாற்பது கிலோ. மற்றது நாலு கதவுச் சாம்பல் வண்டி: ஆறு சிலிண்டர், ஆயிரத்து முந்நூறு கிலோ. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடச் சிவப்புக்குப் பன்னிரண்டு நொடி, சாம்பலுக்குப் பதின்மூன்று. மேடு ஏறுவதில் சாம்பல்தான் ராஜா. பிரேக்கில்தான் வந்தது வினை. எண்பதில் வந்து, வெள்ளைக் கோடு தெரிந்ததும் மிதித்தால் சிவப்பு முப்பத்தெட்டு மீட்டரில் நின்றது. சாம்பலுக்கு ஐம்பது ஆனது. அந்தப் பிரேக்கை நம்ப முடியாது என்று எழுதிவிட்டார். சாம்பல் வண்டி தங்கை கணவருடையது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மாப்பிள்ளைக்கு மூக்குக்கு மேல் கோபம். பிரேக்கை மூன்று முறை பிரித்து மாட்டியும் ஒரு குறை அகப்படவில்லை. தங்கையோ அண்ணன் எழுத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அந்த வண்டியில் ஏறவே மறுத்தாள். கடைசியில் மாப்பிள்ளை, சிவப்பு வண்டியையும் இரவல் வாங்கிக்கொண்டு, அளந்து பார்த்த அதே பழைய விமான ஓடுபாதைக்கு மீட்டரை இழுத்துவந்தார்.

மீட்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. எடை குறைந்த வண்டி காலையில், கனத்த வண்டி மதியத்துக்கு மேல். அதே பாதை, டயரில் அதே காற்று, ஓட்டுவதும் அவரே. ஓட்டுகிறவன் மாறாதவரை அளக்கப்படுவது வண்டி மட்டுமே என்பது அவர் கட்சி. இருபத்தாறு வருஷமாக யாரும் மறுத்ததில்லை. இன்றைக்கு வரிசையை மாற்றும்படி மாப்பிள்ளை கேட்டார்.

காலையில் சாம்பல் முப்பத்தொன்பதில் நின்றது. மாப்பிள்ளை சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். மதியத்துக்கு மேல் சிவப்பை எடுத்தார்கள். ஐம்பத்தொன்று. மறுபடி ஓட்டினார். ஐம்பது.

மீட்டர் குனிந்து வலது காலைத் தேய்த்துவிட்டார். கொஞ்ச நாளாகவே மதியம் தாண்டினால் வலது கால் மரத்துப்போகிறது. போன வாரம் வலது கால் செருப்பை எங்கோ தெருவில் விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்தார். மனைவி சொல்லித்தான் தெரிந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தார். டாக்டரிடம் போனால் வண்டியைத் தொடாதே என்பார். ஓட்டாத மீட்டரை எந்தப் பத்திரிகை வைத்துக்கொள்ளும்? அந்தப் பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாப்பிள்ளையின் குதிப்பு அடங்கியிருந்தது. அவர் மீட்டரின் காலைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

"விடுங்க மச்சான். அளக்கிற டேப்பைத் தப்பா பிடிச்சிட்டோம்னு எழுதிடுங்க. யாரும் கேக்கப் போறதில்ல."

ஒரே ஒரு வரி. எல்லாம் பழையபடி ஆகிவிடும். மீட்டருக்கு ஆசையாகத்தான் இருந்தது. மணியைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விடும் நேரம். தினமும் இந்நேரத்துக்கு மகளைக் காரில் கூட்டிவருவது அவர்தான். வாசலில் பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். அந்தத் தெருவின் அகலமே எட்டு மீட்டர்தான். இவ்வளவு நாளும் அந்தக் காலோடுதான் அங்கே போய் வந்திருக்கிறார்.

"தப்பு டேப்புல இல்ல, மாப்பிள்ளை. என் கால்ல. அப்படியே எழுதிடறேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "பாப்பாவைக் கூட்டிட்டு வரணும். நீங்க ஓட்டுங்க."

சாம்பல் வண்டியில் கிளம்பினார்கள். பள்ளி வாசலில் ஒரு பையன் குறுக்கே ஓடிவர, மாப்பிள்ளை பிரேக் போட்டார். வண்டி கச்சிதமாக நின்றது. பக்கத்து இருக்கையில் மீட்டரின் வலது காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது.