ஜன்னல் இல்லாத அறை

பினாங்கிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் அறைகளைத் தேர்ந்தெடுக்க, ரூபன் திகாம் பத்து என்ற ஊரிலுள்ள தன் வீட்டில் மடிக்கணினியைத் திறந்தான். அவன் அம்மா அஞ்சலை ஆவலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் உழைத்து, போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள்.

"எனக்குக் கடல் தெரியிற ரூம் போடுப்பா."

"பால்கனி ரூம் எனக்கும் ஷாமினிக்கும்மா. நீங்க பிள்ளைங்களோட கப்பலுக்கு நடுவுல உள்ள ரூம்ல இருங்க."

"அதுல ஜன்னல் இருக்கா?"

"இல்லம்மா. தூங்கத்தானே போறீங்க லா."

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"என் பேரை எடுத்துரு. நான் வரல."

ரூபன் ஒரு வார்த்தைகூடக் கெஞ்சவில்லை. மருமகள் ஷாமினி அங்கேயே நின்று பாலிங் ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

கப்பல் கிளம்பிய அன்று சாயங்காலம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. பால்கனி நாற்காலியில் சம்பந்தியம்மா கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "மாமிக்கு ரூம் ரொம்பப் பிடிச்சிருக்கு," என்று ரூபன் எழுதியிருந்தான்.

அஞ்சலை ஒரு பூப் படத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.