அடித்தவனுக்கும் ஓர் ஓட்டு

காப்பார் ஊரின் சாலையோரக் கடையில் குரு பசியாறிக்கொண்டிருந்தான். ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்து வாயில் போட்ட நேரம் கைப்பேசி அடித்தது. தலைவரின் பெயரைத் திரையில் பார்த்ததும், மென்றதை அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்து நின்று பேசினான்.

“சொல்லுங்க தலைவரே.”

“அந்தப் பொம்பள இன்னும் வாபஸ் வாங்கலையாம்டா. நம்ம ஆளுங்க நல்லபடியா பேசிப் பாத்துட்டாங்க. கேக்க மாட்டேங்கிறா. நீயும் கன்னையாவும் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க.”

“வெறும் வார்த்தையா தலைவரே?”

“உனக்குத் தெரியும்லா,” என்று சொல்லிவிட்டு இராமலிங்கம் போனை வைத்துவிட்டார்.

குருவுக்குத் தெரியும். இப்படிப்பட்ட வார்த்தைகளைச் சொல்வதற்குத்தான் அவனைக் கூப்பிடுவார்கள்.

சிலாங்கூர் மாநில லோரி ஓட்டுநர் சங்கத்துக்கு இராமலிங்கம் பல ஆண்டுகளாகத் தலைவர். தேர்தல் வரும்போதெல்லாம் வாக்குப்பெட்டிகளுக்குப் பொறுப்பான தேர்தல் அதிகாரியை அவரே நியமிப்பார். பூட்டிய அறைக்குள் எண்ணுவார்கள். வெளியே வந்து, மறுபடியும் அவரே வென்றார் என்று அறிவிப்பார்கள். சென்ற முறை கிள்ளான் கிளையில் போட்ட ஓட்டைவிட எண்ணிய ஓட்டு கூடுதலாக இருந்தது. கேள்வி கேட்டவர்களின் மண்டை உடைந்தது. உடைத்தவர்களில் குருவும் ஒருவன். அந்த ரகளைக்குப் பிறகு பொதுக்கூட்டம் துணிந்து ஒரு முடிவெடுத்தது. இனிமேல் தேர்தல் அதிகாரியையே மாநிலம் முழுவதுமுள்ள உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தப் பதவிக்கு இராமலிங்கம் தம் மைத்துனர் நாகையாவை நிறுத்தினார். எதிர்த்து நின்றவள் உஷாராணி. செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறவள். நாற்பதைத் தாண்டிய வயது, உரத்த குரல். கிளை கிளையாகப் போய் ஒரே பேச்சைத்தான் பேசினாள். “நான் வந்தா எண்ணும்போது கதவத் திறந்து வைப்பேன். யாரு வேணாலும் நின்னு பாத்துக்கலாம்.” இராமலிங்கத்தின் தூக்கத்தைக் கெடுக்க அது போதுமானதாக இருந்தது.

குரு பிறவி ரவுடி அல்ல. ஒரு விபத்துக்குப் பிறகு எந்த முதலாளியும் அவனை லோரியில் ஏற்றாதிருந்த காலத்தில், துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிப் போகும் வேலையை வாங்கிக் கொடுத்தவர் இராமலிங்கம். அந்த நன்றி நாளடைவில் பழக்கமாகிப் போனது. யோசிக்கிற வேலையைத் தலைவரிடம் விட்டுவிட்டு, அடிக்கிற வேலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, லோரிகள் நிறுத்தும் திடலில் உஷாராணி தன் டேங்கரின் டயர்களை ஸ்பானரால் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாள். மழை விட்டுச் சேறாகிக் கிடந்தது இடம். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு ஓட்டுநர்கள் இருந்தார்கள். குருவையும் கன்னையாவையும் பார்த்ததும் சிலர் லோரிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

“அக்கா, பேரத் திருப்பி வாங்கிக்குங்க. நாங்க பேசாம போயிடுறோம்,” என்றான் குரு.

“யாரு சொல்லி வந்தீங்க?”

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

“அப்ப நான் எதுக்குத் தம்பி வாங்கணும்? பிடிக்கலைன்னா எனக்குப் போடாத. போயி நாகையாவுக்குப் போடு. அதுக்குத்தானே ஓட்டு?”

கன்னையா அவள் கைப்பேசியைப் பிடுங்கி லோரியின் படியில் அடித்து நொறுக்கினான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். அடுத்த கணம் குரு ஓங்கி அடித்தான். உள்ளங்கையால் அல்ல, முஷ்டியால். உஷாராணி சுழன்று போய் இரும்புப் படியில் முகம் மோத விழுந்தாள். மேலுதடு மூக்குவரை கிழிந்தது. எழ முயன்றவளின் விலாவில் கன்னையா உதைத்தான். மறுபடியும் உதைத்தான். சேற்றோடு சேர்த்து அவள் ரத்தத்தைத் துப்பினாள். அதில் ஒரு பல்லும் விழுந்தது.

“இப்ப வாங்குவியா? வாங்குவியாடி?”

அவள் கையருகே கிடந்த ஸ்பானரை எடுத்து, கிடந்த கிடையிலேயே முழுப் பலத்தோடு வீசினாள். அவள் தலைமுடியைப் பிடிக்கக் குனிந்த குருவின் வலது மணிக்கட்டில் அது இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அலறிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கன்னையா அவனை இழுத்துக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினான். லோரிக் கண்ணாடிகள் ஒன்றுகூட இறங்கவில்லை.

கிள்ளானில் அரசு மருத்துவமனையின் வாசலில் குருவை இறக்கிவிட்டு, “கன்டெய்னர் கதவு அடிச்சிருச்சுன்னு சொல்லு,” என்று சொல்லிக் கன்னையா மறைந்தான். குருவும் தாதியிடம் அப்படியே சொன்னான். கையில் கட்டையை வைத்துக் கட்டி, எக்ஸ்ரேக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். கூட்டம் நிறைந்த கூடத்தில் சுவரோரம் போய் உட்கார்ந்தான்.

சற்று நேரத்தில், திடலையொட்டிய பட்டறையில் வேலை செய்யும் ஒரு வங்காளதேசத்து ஆள் உஷாராணியைத் தாங்கிப் பிடித்து உள்ளே அழைத்து வந்தான். அவள் முகத்தில் பிடித்திருந்த துணி முழுவதும் சிவந்திருந்தது. அவளுக்கும் காத்திருக்கத்தான் சொன்னார்கள். காலியாக இருந்த நாற்காலிகள் குருவுக்கு எதிரேதான் இருந்தன. அவள் அவனைப் பார்த்தாள். விலகி வேறிடம் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரு தரையைப் பார்த்தான்.

அந்த நேரத்தில்தான், அவன் போனில் சொன்னதைக் கேட்டு அவன் மனைவி சந்திரகலா ஓடி வந்தாள். மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

“என்னாங்க ஆச்சு? கதவு எப்படிங்க அடிச்சிச்சு? நல்லா பாத்துத் தொறக்கக் கூடாதா?” என்று அவன் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உட்கார இடம் தேடித் திரும்பினாள். உஷாராணியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“ஐயோ, அக்கா! துணி ஊறிப்போச்சே. இருங்க.” தன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, அந்தக் கிழிந்த வாயில் மெல்ல ஒற்றினாள். தண்ணீர் போத்தலைத் திறந்து, கன்னத்தில் காய்ந்திருந்த சேற்றைத் துடைத்துவிட்டாள். “கூட யாரும் வரலையா? எந்தப் படுபாவிக்கா இப்படி அடிச்சான்? பொம்பளைய இப்படி அடிக்க எவனுக்கு மனசு வரும்?”

உஷாராணி குருவை மட்டும் பார்த்தாள். ‘நீயே சொல்’ என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

குரு எத்தனையோ பேரை அடித்திருக்கிறான். அடித்த பிறகு அவர்கள் எங்கே போனார்கள், யார் துடைத்துவிட்டார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது அவன் மனைவியின் விரல்களே துடைத்துக்கொண்டிருந்தன. அந்த விரல்களில் ரத்தம் ஒட்டியிருந்தது.

“கலா,” என்றான். “நான்தான்.”

“என்னா நீங்கதான்?”

“நான்தான் அடிச்சேன். தலைவர் சொன்னாருன்னு.”

சந்திரகலா கையிலிருந்த போத்தலால் அவன் முகத்தில் அடித்தாள். தண்ணீர் சிதறியது. திரும்பத் திரும்ப அடித்தாள். தாதிகள் ஓடி வந்து பிடிக்கும்வரை அடித்தாள். குரு நல்ல கையைக்கூட உயர்த்தித் தடுக்கவில்லை.

“வீட்டுல ஒங்க கையால எனக்குச் சோறு ஊட்டியிருக்கீங்களே! அந்தக் கைதானா இது?” என்று கத்தினாள். “போங்க! வாசல்ல போலீஸ் இருக்கு. நீங்களா போறீங்களா, நான் கூட்டிட்டு வரவா?”

அவனாகவே போனான். தான் அடித்ததையும், கன்னையா உதைத்ததையும், தலைவர் போன் செய்ததையும் சொன்னான். பழைய மண்டை உடைப்பையும் சேர்த்துச் சொன்னான்.

சொன்னதற்கு விலை இல்லாமல் போகவில்லை. அந்த வாரமே வீட்டுச் சன்னல்கள் உடைந்தன. வாசலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் எரிந்தது. சந்திரகலா சுங்கை பூலோவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். “ஒரு வார்த்த பேசிட்டு வான்னுதான் சொன்னேன். அடிக்கச் சொல்லல,” என்று இராமலிங்கம் போலீசிடம் கைவிரித்தார். அவரைக் கட்டிப்போட வேறு சாட்சி இல்லை. குருவும் கன்னையாவும் சிறைக்குப் போனார்கள்.

உஷாராணி ஒதுங்கவில்லை. தையல் போட்ட வாயோடு கிளைகளுக்குப் போனாள். சொற்கள் குழறின. பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் உறுப்பினர்களுக்காக நடந்த கூட்டத்தில் நாற்காலிகள் பறந்தன. ஒன்று அவள் தோளில் விழுந்தது. அவள் அதையே நிமிர்த்திப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று பேச்சை முடித்தாள். திடலில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டவர்கள்கூட அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். தேர்தல் அதிகாரியாக உஷாராணி வென்றாள்.

தலைவர் தேர்தல் வந்தபோது குரு வெளியே வந்திருந்தான். வளைந்து கூடிப்போன மணிக்கட்டோடு ஒரு காய்கறி லோரியில் எடுபிடியாக இருந்தான். சந்திரகலா திரும்பி வந்திருந்தாள். பேச்சு மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. சிறைக்குப் போனவனுக்கு ஓட்டுரிமை கூடாது என்று இராமலிங்கத்தின் தரப்பு மனுக் கொடுத்தது. சங்கத்து விதிப்படி அப்படிப்பட்டவன் பதவிக்கு நிற்கத்தான் கூடாது, ஓட்டுப் போடலாம் என்று உஷாராணி மனுவைத் தள்ளிவிட்டாள்.

கிள்ளான் மண்டபத்து வாசலில் ஜெயராஜ் நின்றிருந்தான். கன்னையாவின் இடத்துக்கு இராமலிங்கம் பிடித்திருந்த புது ஆள். கூட நான்கு பேர்.

“காட்டிக் கொடுத்த நாய்க்கு இங்க என்னாடா வேலை?” என்று கேட்டபடியே கையிலிருந்த ஹெல்மெட்டால் குருவின் நெற்றியில் அடித்தான். குரு முழங்காலிட்டு விழுந்தான். நால்வரும் சூழ்ந்துகொண்டு மிதித்தார்கள். வளைந்த மணிக்கட்டின் மேல் ஒருவன் ஏறி நின்றான். வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

உஷாராணி மண்டபத்திலிருந்து வேகமாக வந்தாள். நேரே அந்த ஐவருக்கு நடுவில் புகுந்தாள். ஓர் அடி அவள் முதுகிலும் விழுந்தது.

“நிறுத்து! இவரு உறுப்பினர். இவருக்கு ஓட்டு இருக்கு. வழி விடு.”

“அக்கா, ஒங்க வாயக் கிழிச்சவன்லா இவன்! இவனுக்காகவா வர்றீங்க?”

“கிழிஞ்சது என் வாய்தான். எனக்குத் தெரியும். தள்ளு!”

ஜெயராஜ் மறுபடியும் ஹெல்மெட்டை ஓங்கினான். அதற்குள் வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் வந்து உஷாராணியின் பக்கத்தில் நின்றார். பிறகு இன்னொருவர். பிறகு வரிசையே நகர்ந்து வந்தது. ஓங்கிய கை தானாக இறங்கியது. யாரோ போலீசுக்கு அழைத்தார்கள். ஐந்து பேரும் வந்த வழியே ஓடினார்கள்.

குரு நெற்றி ரத்தம் ஓட்டுச்சீட்டில் சொட்டாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒடிந்த கையால் ஓட்டுப் போட்டான்.

மாலையில், உறுப்பினர்கள் சுற்றி நின்று பார்க்க, எண்ணி முடித்தார்கள். இராமலிங்கம் தோற்றார். மண்டபம் காலியாகும்வரை காத்திருந்து குரு உஷாராணியின் அருகே போனான்.

“அக்கா, என்னை எதுக்குக் காப்பாத்துனீங்க?”

“உன்னைக் காப்பாத்தல. உன் ஓட்டக் காப்பாத்துனேன்,” என்றாள் அவள். “உன்னைப் பாத்தா எனக்கு இன்னும் உடம்பு நடுங்குது. மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. ஆனா எனக்குப் பிடிக்காதவன் ஓட்ட நான் தடுத்தா, எனக்கும் இராமலிங்கத்துக்கும் என்னா வித்தியாசம்? ஓட்டுப் பெட்டியக் காக்கிறவங்களுக்கு நம்மாளு, அடுத்தவன் ஆளுன்னு கெடையாது. அந்த எடம் கெட்டுப் போச்சுன்னா, அப்புறம் எல்லாத்தையும் முஷ்டிதான் முடிவு பண்ணும். அதுல இன்னைக்கு அடிக்கிறவன் நாளைக்கு அடி வாங்குவான். நீயே பாத்துட்டியே.”

குரு தன் வளைந்த மணிக்கட்டைத் தடவினான். பிறகு சொன்னான்.

“அன்னைக்கு ஒங்களத்தான் அடிக்கிறேன்னு நெனச்சேன் அக்கா. என் ஓட்டையும் சேத்துத்தான் அடிச்சிருக்கேன்.”